கப்பல் போடியார் நறுக்கிய காணிப்படம்

பெரியம்மாவின் கூறைச்சேலை மடிப்புக்குள் ஒரு துண்டுக் காணிப்படம் இருந்தது. துணி ஒட்டிய தடித்த தாள். ஒரு பக்கம் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தது. வெட்டியவர் எங்கள் மூதாதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர்க் கரையிலிருந்து பாய்க்கப்பலில் வந்து, பனிச்சங்கேணிப் பக்கம் வாவியோரக் காட்டை வெட்டி வயலாக்கியவர். பெரிய வயற்காரரை இங்கே போடியார் என்பார்கள். இவர் கப்பல் போடியார். மட்டக்களப்பில் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான். வந்த மனுசன் ஊர்க்காரரையும் மிஞ்ச நினைத்தாரோ என்னவோ, மூன்று மகள்மாருக்கும் வயலைப் பிரித்த கையோடு படத்தையும் மூன்றாக நறுக்கிக் கொடுத்துவிட்டார். தமக்கென்று ஒரு வரப்பைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் உண்டு. பாசம் அதைவிட அதிகம்.

சண்டைக்காலத்தில் இடம்பெயர்ந்து திரும்பியபோது வயல் பற்றைக்காடாகிக் கிடந்தது. அரச காடென்று எல்லைக்கல்லும் நட்டிருந்தார்கள். பழைய படத்தைக் காட்டினால் விடுவிக்கலாம் என்றார் காணி அதிகாரி. பெரியம்மா மூத்த மகளின் வழி. கடைசி மகளின் வழியார் பெரியம்மாவின் முடிவே தங்கள் முடிவும் என்று சொல்லி, கதிரவெளியிலிருந்து தங்கள் துண்டைக் கொடுத்தனுப்பினார்கள். நடு மகளின் வழியில் மிஞ்சியவர் களுதாவளையில் இருந்த, எனக்குச் சின்னம்மா முறையான ஒருவர். வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பெரியம்மாவோடு பேச்சை விட்டவர். அவருடைய துண்டு சுனாமியில் வீட்டோடு போய்விட்டது.

"வெறுங்கையோட நான் என்னத்துக்கு வாற?" என்றார்.

"நீ வாகா. உன்ட காணிதானே," என்று பெரியம்மா இழுத்துக்கொண்டு போனார். நானும் போனேன். பெரியம்மாவுக்குப் பெண்பிள்ளை இல்லை. அந்த வயல் எனக்குச் சீதனமாக வரவேண்டியது.

அதிகாரி இரண்டு துண்டுகளையும் மேசையில் விரித்தார். நடுவில் மேசைப் பலகைதான் தெரிந்தது.

"ஓரத்து ரெண்டையும் இப்பவே விடலாம் அம்மா. நடுவுக்குத்தான் ஆதாரமில்ல."

"நீங்க உங்கடய எடுங்க அக்கா," என்றார் சின்னம்மா, தரையைப் பார்த்தபடி.

பெரியம்மா படத்தைச் சுருட்டினார். "மூண்டையும் தாங்க ஐயா. இல்லாட்டி எங்களுக்கு ஒண்டும் வேணாம்."

பஸ்ஸில் சின்னம்மா பெரியம்மாவின் பக்கத்தில் போய் இருந்தார். நான் ஆத்திரத்தில் இருவரோடும் பேசவில்லை. காணி இல்லாமலே என் கல்யாணம் நடந்தது. பற்றையைப் பார்த்தபடியே பெரியம்மாவும் கண்ணை மூடினார்.

போன மாதம் புதிய அதிகாரி என்னைக் கூப்பிட்டு, ஓரத்து இரண்டையும் எழுதட்டுமா என்று கேட்டார். என் மகளுக்கு இப்போது கல்யாணப் பேச்சு நடக்கிறது. சின்னம்மா என்னோடு வந்து, உள்ளே வர மனமில்லாமல் வாசலில் நின்றிருந்தார்.

"மூண்டையும் தாங்க ஐயா," என்றேன்.