டிஸ்க் சுணங்குது

அம்மா படுத்துவிட்டார். அவருக்குத் தெரியாமல்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன், தோழிகளே.

அப்பாவையும் அவருடைய படங்களையும் சுனாமி ஒன்றாகக் கொண்டுபோனது. லண்டன் மாமா ஸ்கேன் செய்து அனுப்பிய சில படங்கள் மட்டும் எங்கள் கணினியில் இருக்கின்றன.

போன கிழமை அதில் லினக்ஸ் கேர்னலை, அதுதான் கணினியை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, புதிதாக மாற்றினேன். பிறகு ஒரு படம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடுகிறது.

இன்று லினக்ஸ் குழுமத்தில் எழுதினேன்: "எங்கட டிஸ்க் சரியாச் சுணங்குது அண்ணா."

சென்னை அண்ணா ஒருவர் பதில் போட்டார்: "சுணங்கிப் போச்சா? அப்ப சாகப்போகுதும்மா! உடனே எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடு."

வேறு டிஸ்க் எங்கே இருக்கிறது? திரும்பக் கேட்டேன்: "பிந்தி வாறதுக்கெல்லாம் சாகுமா அண்ணா?"

"ஓ, ஸ்லோவா இருக்குன்னு சொல்றியா! எங்க ஊர்ல சுணங்குறதுன்னா வாடிப்போறதும்மா."

பழைய கேர்னலில் இயக்கிப் பார்க்கச் சொன்னார். அப்படியே செய்து ஒரு படத்தைத் திறந்தேன். அப்பா உடனே வந்தார், தோணியில் சாய்ந்துகொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கியபடி.

"டிஸ்க் நல்லாதான் இருக்கு. புதுக் கேர்னல்லதான் கோளாறு. அதை எழுதுறவங்களுக்குச் சொல்லணும். கண்டுபிடிச்சவங்க பேரையும் அதுல பதிவு பண்ணுவாங்க. உன் பேரு என்ன?"

"பேர் மட்டும் வேணாம் அண்ணா."

யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள். என்றாலும் எங்கள் பெயர் எங்காவது பதிவாவது என்றால் அம்மாவுக்குப் பயம். எனக்கும்தான்.

"சரி, மட்டக்களப்புத் தங்கச்சின்னு போட்டுடறேன்."

யாராவது வந்து அந்தத் தங்கச்சி யாரென்று கேட்டால், தோழிகளே, எல்லாரும் 'நான்தான்' என்று கை தூக்குங்கள். தூக்குவீங்கதானே?