சரிவில் நின்ற கார்

நேற்று திரேஸ்புரத்தில் மீன் வாங்கப் போயிருந்தேன். பழைய லோடு ஆட்டோ ஒன்று நீலப் புகையைக் கக்கிக்கொண்டு கடந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்த, நான் மட்டும் இழுத்து முகர்ந்தேன். எஞ்சின் ஆயில் கருகும் அந்த வாடை வந்தாலே எனக்குப் பெரியப்பா வீட்டு போர்டிகோ ஞாபகம் வந்துவிடும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்பாவும் பெரியப்பாவும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி வெள்ளைக் கார் வாங்கினார்கள். அவர்களுடையது திங்கள்கிழமை வந்தது, எங்களுடையது வியாழன். கிழமைகளை நான் மறப்பதில்லை. கார்களுக்கு வயதானபோது எங்களுடையது மட்டும் ஆயில் குடித்து நீலப் புகை கக்கியது. அவர்களுக்கோ காரும் சுத்தம், நிறுத்த விளக்குத் தொங்கும் போர்டிகோ வேறு. எங்கள் வீடு தெருவைவிட உயரம். வாசல் சரிவில்தான் கார் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்த போர்டிகோவின் மேல் எனக்கிருந்த பொறாமை எந்த ஜெபத்துக்கும் கரையவில்லை.

பெரியப்பா மகன் செல்வினுக்கு என் வயது. "ஏலே, கொசு மருந்து அடிக்கவா வாரிய?" என்பான்.

அப்பா ஞாயிறுதோறும் சர்ச்சுக்குக் கிளம்புமுன் ஆயில் அளக்கும் டிப்ஸ்டிக்கை உருவுவார். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருக்கும். மேல்கோட்டைத் தொடும்வரை ஊற்றுவார். "பிஸ்டன் ரிங் தேஞ்சிட்டு அண்ணாச்சி, எஞ்சினை எறக்கணும்" என்றார் மெக்கானிக். அக்கா கல்யாணம் நெருங்கியதால் அது தள்ளிப்போனது. மகளைத் தன் காரில்தான் சர்ச்சுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பது அப்பாவின் ஒரே ஆசை.

கல்யாணம் ஒரு புதன்கிழமை. பெரியம்மா அக்காவின் வெள்ளைப் புடவையைப் பார்த்தார், எங்கள் காரின் பின்பக்கத்தைப் பார்த்தார். "சேல கரியாப் போகும். பிள்ள எங்க வண்டியில வரட்டும்." அப்பா தலையாட்டினார். அக்கா அதில் ஏறினாள். எங்கள் கார் வாழைத்தார்களோடு கடைசியாகப் போனது. அப்பாதான் ஓட்டினார்.

விருந்து பெரியப்பா வீட்டில். அன்றைக்குத்தான் முதல்முறையாக எங்கள் கார் அந்த போர்டிகோவில் நின்றது. மறுநாள் காலை கிளம்புமுன், பழக்கதோஷத்தில், அப்பா டிப்ஸ்டிக்கை உருவினார்.

பெரியப்பா எட்டிப் பார்த்தார். "ஏலே தம்பி, மேல்கோட்டத் தாண்டிக் கெடக்கு! இம்புட்டா ஊத்துவ?"

அப்பா துடைத்து மறுபடி விட்டுப் பார்த்தார். அதேதான். சமதளத்தில் பார்க்க வேண்டியதை இத்தனை காலமும் சரிவில் பார்த்திருக்கிறோம். ஆயில் பின்னால் ஒதுங்கிக் குறைவாகக் காட்டியிருக்கிறது. நாங்கள் ஊற்ற ஊற்ற, மிஞ்சியதெல்லாம் புகையாகப் போயிருக்கிறது. கூடுதலாக இருந்ததை வடித்ததும் புகை நின்றது. ரிங்குக்கு ஒன்றுமில்லை. இதைக் காட்டிக்கொடுத்ததும் அவர்கள் போர்டிகோதானே என்று எனக்கு வயிறு எரிந்தது. ஒரு நாள் முந்தித் தெரிந்திருக்கலாம்.

இப்போது அப்பா இல்லை, இரண்டு கார்களும் இல்லை. ஆல்பத்தில் அக்கா பெரியப்பா காரிலிருந்து இறங்கும் படத்தை இன்றும் வேகமாகப் புரட்டிவிடுவேன். போன மாதம் எங்கள் தெருவில் மறுபடி தார் போட்டார்கள். பழையதின் மேலேயே போட்டுப் போட்டு, தெரு எங்கள் வாசலுக்குச் சமமாக உயர்ந்துவிட்டது. சரிவே இல்லை. இப்போது அங்கே ஒரு கார் நின்றால், டிப்ஸ்டிக் உண்மையைச் சொல்லும்.