டீச்சர் என் உள்ளங்கையில் எழுதியது

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு நின்றவள். மறதியும் உண்டு, முன்னே பின்னே மாறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மிஷன் பள்ளியில் நான் ஆயாவாக இருந்தேன். எங்கள் தையல் டீச்சரை நினைத்தால், கத்தரிக்கோல் வளையத்துக்குள் அவர் விரல் நுழையாமல் நின்ற காலைநேரம்தான் முதலில் வருகிறது. முந்தின நாள் நன்றாயிருந்த கை, பன் மாதிரி உப்பியிருந்தது. அரிப்பு இல்லை, சிவப்பும் இல்லை. மூன்று நாளில் தானே வடிந்தது.

பிறகு உதடு, கண்ணிமை என்று மாறி மாறி வீங்கும். அலர்ஜி என்றுதான் எல்லாரும் சொன்னோம். ஒவ்வொரு தடவையும் முந்தின நாள் சாப்பாட்டைக் கேட்டு, அதில் ஒன்றை நிறுத்தச் சொன்னவள் நான். கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை, முட்டை, கடைசியில் புளி. வீக்கம் நிற்கவில்லை, டீச்சர்தான் இளைத்தார். “தண்ணி ஒண்ணத்தான்க்கா நீங்க இன்னும் நிறுத்தல” என்று சிரிப்பார்.

பெரிய ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போனேன். ரத்தச் சோதனை முடிவு வந்ததும், சாப்பாட்டில் ஒன்றுமில்லை என்றார் டாக்டரம்மா. “நம்ம ரத்தத்துல கரைஞ்சு ஓடுற புரதங்க கொஞ்சம் இருக்கும்மா. கிருமி வந்தா ஒண்ண ஒண்ணு உசுப்பிவிட்டு அடிக்கப் போகும். போதும்னு நிறுத்துறதுக்கும் ஒண்ணு உண்டு. அது இவங்களுக்குப் பிறவியிலயே கம்மி.” அடிக்கப் போகிற கூட்டத்துக்குக் காம்ப்ளிமென்ட் என்று பெயராம். நிறுத்த ஆளில்லாவிட்டால் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வீங்குமாம். நோயின் பெயரை இங்கிலீஷில் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். “தொண்டை வீங்குனா அலர்ஜி ஊசிக்குக் கேக்காது. இந்தச் சீட்டக் காட்டுங்க. பல் புடுங்குறதுன்னாலும் முன்னாடியே வந்து சொல்லுங்க.” நானும் தலையாட்டினேன்.

அடுத்த வருஷம் டீச்சருக்குக் கடைவாய்ப்பல் வலி. “ஒரு பல்லுக்கு அம்புட்டுத் தூரம் போகணுமாக்கா” என்று நாகமலை புதுக்கோட்டையில் வீட்டுப் பக்கத்திலேயே பிடுங்கிக்கொண்டார். மறுநாள் காலை நான் பார்க்கப் போனபோது குரல் கம்மியிருந்தது. ஆட்டோவில் ஏற்றுவதற்குள் பேச்சே நின்றுவிட்டது. சீட்டு வீட்டிலேயே கிடந்தது, எனக்கு அந்த ஞாபகமே வரவில்லை. காளவாசல் சிக்னலில் வண்டி நகரவில்லை. டீச்சர் என் கையை விரித்து, உள்ளங்கையில் விரலால் எதையோ எழுதினார். பயத்தில் விரல் நடுங்குகிறது என்று நினைத்தேன். சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “ஒண்ணுமில்ல டீச்சர், இந்தா வந்துட்டோம்” என்றேன். உருவிக்கொண்டு மறுபடி எழுதப் பார்த்தார். நான் விடவில்லை.

அவசரப் பிரிவு வாசலில் என்னம்மா செய்தது என்று கேட்டார்கள். பழகின வாய், “அலர்ஜிங்க” என்றது. அதற்கான ஊசியையே போட்டார்கள். அப்புறம் தொண்டைக்குள் குழாய் விடப் பார்த்தார்கள், வீக்கத்தில் வழி கிடைக்கவில்லை. பள்ளியில் முதல் மணி அடிக்கும் நேரத்துக்கு டீச்சர் போய்விட்டார்.

அந்த நோய்க்கென்றே இப்போது தனி ஊசி இருப்பதாக என் மகள் போனில் பார்த்துச் சொல்கிறாள். ரத்தத்தைப் பற்றி நான் எழுதியது சரிதானா என்று படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள். இன்னொன்றையும் பார்த்துச் சொல்லுங்கள். நோயின் பெயர் என் வாயில் வராவிட்டாலும் போகிறது, அன்றைக்கு அந்த வாசலில் “இது அலர்ஜி இல்லை” என்று மட்டும் நான் சொல்லியிருந்தால், டீச்சர் பிழைத்திருப்பாரா?