கலாராணி பூசிய வேன் ஸீட்டுகள்

கடுகண்ணாவையில் ரயில் பாதைக்குக் கீழே குடியிருக்கும் கலாராணியின் கண்ணுக்கு நிறம் தப்பாது. கார்மண்ட் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் ‘ஷேட்’ பார்த்தவள். துணிச் சுருள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எது மற்றதை விட மயிரிழை வெளிறியிருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவாள். சந்தேகம் வந்தால் சூப்பர்வைசர்களே அவளைத்தான் கூப்பிடுவார்கள். முதுகு வலியால் வேலையை விட்டு இரண்டு வருடமாகிறது.

கணவன் ஜெயராஜ் பாடசாலை வேன் ஓட்டுகிறான். காலையில் பிலிமத்தலாவை வழியாகக் கண்டிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போவான். எஞ்சின் கல்லுமாதிரி இருந்தது. ஸீட்டுகள்தான் பார்க்கச் சகிக்கவில்லை. கருநீலத் துணியை வெயில் தின்று, ஜன்னலோரமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது.

நவம்பரில் ஒருநாள், பிலிமத்தலாவையில் மகளை ஏற்றிவிட வந்த றமீலா தயங்கித் தயங்கிச் சொன்னாள். “நாநா, கோவிச்சுக்காதீங்க. ஸீட்டெல்லாம் ஊத்தையா ஈக்கிது. வெள்ள உடுப்போட இருக்க மக யோசிக்கிறா.”

வாராவாரம் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கொட்டினான்.

“ஊத்த இல்ல கலா, சாயம் போயிருச்சு. அத யாருக்குச் சொல்லி வெளங்கப்படுத்துறது? ரெக்சின் போட்டா வேர்க்கும்னு புள்ளைங்க கத்தும்.”

“நான் பூசுறேன்,” என்றாள் கலாராணி.

“என்னத்த?”

“ஸீட்டத்தான். துணிக்குப் பூசுற பெயிண்ட் இருக்கில்ல.”

“வெளையாடாத. ஒரு புள்ளையோட சட்டையில ஒட்டினாலும் நான் வேன நிப்பாட்ட வேண்டியதுதான்.”

அவள் டிசம்பர் விடுமுறை தொடங்கிய அன்றே வேனுக்குள் ஏறி, ஒரு ஸீட்டின் மடிப்பை விரித்துப் பார்த்தாள். வெயில் படாத அந்த இடுக்கில் பழைய நிறம் அப்படியே இருந்தது. வெறும் நீலமில்லை. கறுப்பும், சொட்டுக் கபிலமும் கலந்த நீலம். வீட்டு விளக்கை நம்பாமல் முற்றத்து வெளிச்சத்தில் வைத்தே கலந்தாள். ஐந்தாவது கலவை சரியாக வந்தது.

நிறம் வந்தது, துணியின் மெதுமை வரவில்லை. யாரும் உட்காராத பின்ஸீட்டின் முதுகுப்புறத்தில் முதலில் பூசிப் பார்த்தாள். காய்ந்தபோது மட்டை போல விறைத்துப்போயிருந்தது. ஜெயராஜ் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனான். திட்டியிருந்தால் கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் பெயிண்டில் தாராளமாகத் தண்ணீர் விட்டாள். துணியையும் முதலில் நனைத்துக்கொண்டாள். மெல்லிசாக ஒரு பூச்சு. ஈரம் காயுமுன்னே நகம் தேய்க்கிற பிரஷால் இழைகளைக் கிளறிவிட்டாள். காய்ந்த பிறகு இன்னொரு பூச்சு. கடுகண்ணாவைக் கணவாயின் மூடுபனியில் எதுவும் சீக்கிரம் காயாது. மேசை விசிறியை வேனுக்குள் ஏற்றினாள், தலைமுடி உலர்த்தியையும் பிடித்தாள். ஸீட்டுக்கு ஐந்து பூச்சு, பிறகு மெல்லிய சீலை விரித்து இஸ்திரிப் பெட்டியின் சூடு. பதினாலு ஸீட்டும் முடிய மூன்று வாரமானது. முதுகு வலி அவளை விடவில்லை. அவளும் வேலையை விடவில்லை.

கடைசி ஸீட்டும் காய்ந்து நாலு நாள் கழித்து, கோயிலுக்குக் கட்டுகிற வெள்ளைச் சேலையைக் கட்டி, பின்புறத்தைக் குழாயடியில் நனைத்துக்கொண்டு வேனில் ஏறினாள்.

“எங்க போறோம்?” என்றான் ஜெயராஜ்.

“பிலிமத்தலாவைக்கு. வளைவுல மெதுவாப் போகாதீங்க. நல்லா உராயட்டும்.”

கடைத்தெருவில் இறங்கி, அவனுக்கு முதுகைக் காட்டி நின்றாள். தெருவில் போகிறவர்கள் பார்க்க, ஜெயராஜ் குனிந்து சேலையைப் பார்த்தான்.

“ஒண்ணுமில்ல.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன் கலா. சுத்த வெள்ள.”

தேநீர் குடிக்கலாம் என்று அவளைக் கடைக்குள் கூட்டிப்போனான். ஈரச் சேலையோடு அவள் கடைசிவரை நின்றபடியே குடித்தாள்.

பாடசாலை தொடங்கிய அன்று மழை. பிள்ளைகள் நனைந்தபடி ஏறினார்கள். பின்னேரம் மகள் இறங்கியதும் றமீலா அவளைத் திருப்பி நிறுத்தி, சட்டையின் பின்புறத்தைக் கையால் நீவிப் பார்த்தாள். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“ஸீட்ட எங்க மாத்தினீங்க நாநா? புதுசாவே ஈக்கிது.”

“மாத்தல தங்கச்சி. எங்க வீட்டுல பூசினாங்க. அவங்க கார்மண்ட்ல ஷேட் பாத்தவங்க,” என்றான் ஜெயராஜ். அடுத்த நிறுத்தத்தில் யாரும் கேட்காமலே சொன்னான். அதற்கடுத்த நிறுத்தத்திலும் சொன்னான்.

பேச்சு கண்டிக்கு அப்பால் திகன வரை போயிற்று. அங்கே வாடகைக்கு வேன் ஓட்டும் மஹ்மூத் ஒரு சனிக்கிழமை காலை வந்து, ஸீட்டுகளைத் தடவினார், எச்சில் தொட்டுத் தேய்த்து விரலைப் பார்த்தார். ஜெயராஜைப் பார்த்துக் கேட்டார்.

“என்ட வேனுக்கும் பூசி, திங்கக்கிழமைக்கு எடுக்க ஏலுமா? ஒரு கல்யாணப் பயணம் ஈக்கிது.”

ஜெயராஜ் மனைவியைப் பார்த்தான்.

“ஏலாது,” என்றாள் கலாராணி. “மூணு கிழமை வேணும். நான் சொல்ற வரைக்கும் யாரும் அதுல ஒக்காரக் கூடாது. அவசரம்னா வேற எடம் பாருங்க.”

மஹ்மூத் கல்யாண வீட்டாருக்கு ஃபோன் போட்டு வேறொரு வேன் பிடித்துக் கொடுத்தார். பிறகு தன் வேனின் சாவியை ஜெயராஜைத் தாண்டிக் கலாராணியிடம் நீட்டினார்.