எலி வருஷமும் குதிரை வருஷமும்

வல்வெட்டித்துறை தவநேசன் சரக்குக் கப்பல்களில் இயந்திரம் திருத்துபவர். கூட வேலை செய்த சீன நண்பர் அவருடைய பிறந்த ஆண்டைக் கேட்டு, சீனச் சோதிடத்தில் அது எலி வருஷம், எலி வருஷக்காரர் எதையும் சேர்த்து வைப்பார்கள், குதிரை வருஷத்துப் பெண்ணோடு ஒத்துப்போகமாட்டார்கள் என்று சொல்லியிருந்தார்.

தவநேசன் பெண் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போனார். வீடுவீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாதுவான சுகந்தினியின் சாதகம் இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. பிறந்தது தொண்ணூறாம் ஆண்டு. தவநேசன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார், குதிரை வருஷம். மறைக்க விருப்பமில்லாமல் அவரிடமே சொன்னார்.

"குதிரை வருஷக்காரர் வீட்டிலை நிக்கமாட்டினமாம். என்னோடை சண்டைதானாம்."

"நான் வீட்டிலை நிக்கிறேல்லை எண்டது உண்மைதான்," என்றார் சுகந்தினி. "நீங்கள் வருஷத்திலை ஒன்பது மாசம் கடலிலை. சண்டைக்கு நேரம் எங்கை?"

கலியாணம் நடந்தது. தவநேசன் கப்பல் வேலையை விட்டு வந்த பிறகுதான் சண்டை தொடங்கியது. அவர் அரிசி, பருப்பு வாங்கி அடுக்குவார். சுகந்தினி தான் பார்க்கப்போகும் கர்ப்பிணிகளுக்கு அதை அள்ளிக் கொடுத்துவிடுவார்.

பெற்றோல் தட்டுப்பாடு வந்த வருடம், ஒரு காலை மட்டுவிலிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு பெண்ணுக்கு வலி தொடங்கிவிட்டது, ஓட்டோவில் பெற்றோல் இல்லை. சுகந்தினி, கணவர் மூலையில் சேர்த்து வைத்திருந்த பெற்றோல் கானைப் பார்த்தார்.

"அது அவசரத்துக்கு வைச்சது," என்றார் தவநேசன்.

"உதுதான் அவசரம்."

தவநேசன் கானைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மட்டுவிலுக்குப் போனார். அந்தப் பெண் நேரத்துக்கு ஆசுப்பத்திரி போய்ச் சேர்ந்தாள், பெண்பிள்ளை பிறந்தது.

மறுநாள் தவநேசன் இரண்டு கான்களோடு பெற்றோல் வரிசைக்குப் புறப்பட்டார்.

"ஒண்டு எனக்கோ?" என்று சுகந்தினி கேட்டார்.

"ஓம். மற்றதிலை கை வைக்கப்படாது," என்றார் அவர்.