துரை கேட்ட மூன்று வாக்கியம்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள் இவர்கள். மேசைக்குப் பின்னால் துரை. பட்டறை அவருடையது. அவருக்கு இடது பக்கம் ஸ்டூலில் தலைமை குமாஸ்தா, மடியில் ஆள் பட்டியல். கதவை ஒட்டி ஒரு போலீஸ்காரர். அவர் எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. மேசைக்கு அடியில் துரையின் நாய். நான். எனக்குப் பின்னால் என் தங்கை புருஷன், வலது காலில் துணிக் கட்டோடு. மற்றவர்கள் வெளியே வெயிலில் வரிசையாக நின்றார்கள்.

இரண்டாவது யுத்தத்துக்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது. பாலக்கரைக்குத் தெற்கே இருந்த இரும்பு வார்ப்புப் பட்டறை. நான் மணலில் அச்சு எடுப்பவன். என் தங்கை புருஷன் காய்ச்சிய இரும்பை வாளியில் கொண்டுவந்து அச்சில் ஊற்றுபவர். மணலில் ஈரம் கூடிவிட்டால் இரும்பு வெடித்துத் தெறிக்கும். எல்லாருக்கும் வெறுங்கால். கெட்டிக்காரன் சாக்கைக் கிழித்துச் சுற்றிக்கொள்வான். அவரும் சுற்றிக்கொண்டுதான் இருந்தார். சாக்கோடு சேர்ந்து கால் வெந்தது. இரண்டு விரல் போனது.

காலுக்குப் போட தோல் ஜோடு கேட்டோம். துரை கொடுக்கவில்லை. என் தங்கை புருஷன் காலுக்காக எல்லாரும் வேலையை விட்டு வெளியே வந்தோம். மூன்று வாரம் வெளியே இருந்தோம். நாலாவது வாரம் வீட்டில் அடுப்பு எரியவில்லை. திரும்பப் போகிறோம் என்று சொல்லி அனுப்பினோம்.

துரை ஒரு நிபந்தனை போட்டார். கைநாட்டு வேண்டாமாம். கைநாட்டு வைத்தவன் நாளைக்கு எனக்குப் படிக்கத் தெரியாது என்பானாம். ஒவ்வொருவனும் தன் முன்னால் வந்து நின்று, வாயால், இங்கிலீஷில் மூன்று வாக்கியம் சொல்லவேண்டும். சொன்னவனுக்கு வேலை. சொல்லாதவன் வீட்டுக்குப் போகலாம்.

தலைமை குமாஸ்தா ஶ்ரீரங்கத்துக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்டபம் படித்துறைக்கு வாருங்கள், சொல்லித் தருகிறேன் என்றார். போனோம். அவர் குளித்து நாமம் போட்டுக்கொண்டு படியில் நின்றார். நாங்கள் கீழே மணலில் நின்றோம். அவர் ஒரு படி இறங்கவில்லை. நாங்கள் ஒரு படி ஏறவில்லை.

"ஒண்ணொண்ணா சொல்லுங்கோ. ஐ யாம் சாரி டு கிவ் ட்ரபிள். ஐ யாம் ரெடி டு ஒர்க். ஐ யாம் கிளாட் டு ஒபே."

சொன்னோம். காவேரிக் கரையில் அத்தனை ஆம்பிளைகள் ஒரே குரலில் சொன்னோம். குளிக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பஜனை என்று நினைத்திருப்பார்கள்.

அர்த்தம் கேட்டேன். அவர் அலுத்துக்கொள்ளாமல் சொன்னார். "தொல்லை குடுத்ததுக்கு வருத்தம். வேலை செய்யத் தயார். கீழ்ப்படியறதிலே சந்தோஷம். இதிலே ஐ யாமுக்கு அடுத்த வார்த்தை உன் மனசு. கடைசி வார்த்தை உன் காரியம். நடுவிலே டு. மனசு வார்த்தையை மாத்திண்டே போகலாம், என்ன வேணாலும் சொல்லலாம்."

எனக்கு உடனே புரிந்தது. அச்சுக்கு இரண்டு மரப்பெட்டி உண்டு. மேல் பெட்டி, கீழ் பெட்டி. இரண்டையும் விலகாமல் பிடித்துக்கொள்ள ஒரு முளை. டு என்பது அந்த முளை. மேலே மனசு, கீழே வேலை.

உலைக்காரன் ஒருத்தன் கேட்டான். "சாமி, ஐ யாம் சாரி டு ஒர்க்குன்னு சொன்னா?"

"கேட்டுக்கு வெளியிலேயே நின்னுக்கலாம்."

எல்லாரும் சிரித்தார்கள்.

"ஐ யாம் ரெடி டு சோறு," என்றான் இன்னொருத்தன்.

"அதுக்கு நீ எப்பவும் ரெடிதான்டா. ஒன் பொஞ்சாதிதான் ரெடியில்ல," என்றான் உலைக்காரன்.

என் தங்கை புருஷன் சிரிக்கவில்லை. கட்டுப் போட்ட காலை நீட்டி மணலில் உட்கார்ந்திருந்தார். வாயும் திறக்கவில்லை.

திரும்பும்போது பாலத்தின் மேல் அவருக்காக மெதுவாக நடந்தேன்.

"மாப்ள, நீங்க ஒண்ணும் சொல்லிப் பாக்கலியே?"

"மனப்பாடம் ஆயிடுச்சு மச்சான்."

"அப்ப நாளைக்குச் சொல்லிடுவீங்க."

"ரெண்டாவது சொல்லுவேன். அது நெசம். மொதல் எப்படிச் சொல்றது? யாருக்கு நான் தொல்லை குடுத்தேன்? உலைக்கா?"

"வாயால சொல்றதுதானே மாப்ள. தங்கச்சிய நெனச்சுப் பாருங்க."

"அவளைத்தான் நெனைக்கிறேன். தெனம் புண்ணைக் கழுவுறவ அவதான். நீங்க சொல்லுங்க மச்சான். ஒங்களை நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நினைக்க மாட்டேன் என்று அவர் சொன்னதில்தான் எனக்குக் கோபம் வந்தது. திட்டியிருந்தால் தேவலை. அப்புறம் வீடு வரைக்கும் அவருக்கு முன்னால் நடந்தேன்.

நம் பேச்சில் 'வேலைக்கு வரேன்' என்றால் முடிந்தது. வருகிறவன் மனசு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கூலி கைக்கு. துரைக்கு அது போதவில்லை. கையோடு மனசையும் சேர்த்துப் பெட்டி பூட்டி, முளை அடித்து, மேசைமேல் வைக்கச் சொன்னார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார்கள். நின்றேன். ஐ யாம் சாரி டு கிவ் ட்ரபிள் என்றேன். துரை என்னைப் பார்க்கவில்லை. பேனாவின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரெடியும் சொன்னேன். கிளாட்டும் சொன்னேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை. குமாஸ்தா என் பேருக்கு நேரே கோடு போட்டார். அவர் முகத்தில் சந்தோஷம். தான் வளர்த்த கிளி பேசிவிட்டது என்கிற சந்தோஷம். அந்த முகத்தில் அறைந்திருக்கவேண்டும். ஓரமாக ஒதுங்கி நின்றேன்.

என் தங்கை புருஷன் முன்னால் வந்தார்.

"ஐ யாம் ரெடி டு ஒர்க்."

துரை நிமிர்ந்தார். காத்திருந்தார்.

குமாஸ்தா மெதுவாக எடுத்துக்கொடுத்தார். "சாரிப்பா. சாரி டு..."

"ஐ யாம் ரெடி டு ஒர்க்," என்றார் திரும்பவும். குரல் உயரவில்லை.

நாய் வெளியே வந்து அவர் கால் கட்டை மோந்து பார்த்தது. துரை அப்போதுதான் அந்தக் காலைப் பார்த்தார். எந்தக் காலுக்காக மூன்று வாரம் வேலை நின்றதோ அந்தக் காலை முதல் தடவையாகப் பார்த்தார். பார்த்துவிட்டு குமாஸ்தாவிடம் சொன்னார்.

"அன்ஃபிட் டு ஒர்க்."

எனக்கு யாரும் அர்த்தம் சொல்லவேண்டியிருக்கவில்லை. மேல் பெட்டி, முளை, கீழ் பெட்டி. என் ஆயுசில் நானாகப் புரிந்துகொண்ட முதல் இங்கிலீஷ் அதுதான். வேலைக்கு லாயக்கில்லை. காலை வேகவைத்தவனே சொன்னான்.

குமாஸ்தா அந்தப் பேரை அடித்தார். என் தங்கை புருஷன் எனக்குத் தலையசைத்துவிட்டு வெளியே போனார். நான் பின்னால் போகவில்லை. போலீஸ்காரருக்குப் பயந்து அல்ல. என் பேருக்கு நேரே விழுந்த கோடு போய்விடுமே என்று பயந்து.

சாயங்காலம் கேட்டில் குமாஸ்தா என்னைப் பிடித்தார். "உன் மாப்பிள்ளைக்கு அசட்டுப் பிடிவாதம்ப்பா. சொல்லித் தொலைச்சிருக்கலாம். வெறும் வார்த்தைதானே?"

வெறும் வார்த்தை என்றால் துரை அதற்காக ஏன் ஒரு காலைப் பொழுதைச் செலவு பண்ணினார்? கேட்கவில்லை. "ஆமாங்க சாமி" என்றேன்.

தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை தொட்டியத்துக்குப் பஸ் ஏறியிருந்தார். அங்கே வாழைத் தோட்டத்தில் காவலுக்கு ஆள் கேட்டார்களாம். தங்கை கிழிந்த துணியைக் கட்டுக்காக நீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்ததும் மாற்றவேண்டுமே.

"வாங்கண்ணே. வேலை கெடச்சிருச்சா?"

"ம்."

"சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"எல்லாரும் சொன்னாங்களா?"

"அவரைத் தவிர எல்லாரும்."

அவள் கிழிப்பதை நிறுத்தவில்லை. "எத்தனை பேரு?"

"எண்ணலை."

"எண்ணுங்க. இவரு கேப்பாரு. என் காலுக்காக வந்தவங்க எத்தனை பேரு, அந்தக் காலுக்காக மன்னிப்புக் கேட்டவங்க எத்தனை பேருன்னு கேப்பாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அச்சுக்காரர்களை முதலில் எண்ணினேன். பிறகு உலைக்காரர்கள். பிறகு அரம் போடுகிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், மணல் சலிக்கும் இரண்டு கிழவர்கள். விட்டுப்போனவர்களை நினைத்து நினைத்துச் சேர்த்தேன். கடைசியில் என்னைச் சேர்த்தேன்.

நாற்பத்தொன்று.