இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

பினாங்கில் ஒரு சீனக் கடைக்காரர் என்னைக் கிடா என்று சொல்லிவிட்டதாக நினைத்துச் சில மாதங்களுக்கு முன் நான் கோபப்பட்டேன். அவர் துப்பாக்கியும் மீன்பிடி சாமான்களும் விற்கிறவர். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த ஒரு ரைபிளைக் காட்டச் சொன்னேன். எடுத்துக் கொடுத்தார். நான் அதை இடது தோளில் வைத்துப் பார்த்ததும், "கிடால்?" என்று கேட்டார். எனக்கு முகம் சிவந்துவிட்டது. ஆட்டுக்கிடா என்று என்னை ஏன் சொல்ல வேண்டும் என்று அரைகுறை மலாயில் கேட்டேன். அவருக்கு நான் சொன்னது விளங்கவில்லை. அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அவர் தம்முடைய இடது கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார். மலாய் மொழியில் இடதுகைக்காரனுக்குக் கிடால் என்று பெயராம். அதில் கேலியும் இல்லை, குறையும் இல்லை. குள்ளன், நெட்டையன் என்பதைப் போல ஓர் அடையாளம், அவ்வளவுதான். விஷயம் தெரிந்ததும் அவர் அந்த ரைபிளை வாங்கி வைத்துவிட்டு வேறொன்றைத் தேடப் போனார். நான் வெட்கத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

திருநெல்வேலிச் சீமையில் இதை வாசிக்கிற உங்களுக்கு, என்னைப் போன்றவனை அங்கே என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள் என்பது தெரியும். பீச்சாங்கை. அந்தச் சொல்லிலேயே நாற்றம் இருக்கிறது. பாளையங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என் இடது மணிக்கட்டில் ரூல்தடியால் தட்டித் தட்டியே வலது கையால் எழுத வைத்தார். அதனால் இன்றைக்கும் என் கையெழுத்து குமாஸ்தா உத்தியோகத்துக்குத் தக்கபடி அழகாக இருக்கிறது. இந்தத் தீவைச் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கேயும் மலாய்க்காரர் கையில் எதையாவது இடது கையால் நீட்டினால் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஒருவன் எந்தத் தோளில் துப்பாக்கியை வைக்கிறான் என்று பார்த்து, அதற்கேற்ற துப்பாக்கியைத் தேடி எடுத்துவர உள்ளே போன மனிதரை என் வாழ்நாளில் இரண்டாவது முறையாக அன்றுதான் பார்த்தேன். முதல் மனிதர் என் அத்தான்.

அத்தான் பெயர் ஏசுவடியான். என் அக்காள் ஞானம்மாளைக் கட்டியவர். சீவலப்பேரியில், சிற்றாறு வந்து தாமிரபரணியில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் மேற்கே அவருக்கு வயல் இருந்தது. காட்டுப்பன்றி இறங்கிப் பயிரை உழப்புகிறது என்று மனுப்போட்டு ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் வாங்கியிருந்தார். நான் பாளையங்கோட்டையில் ஒரு பருத்திக் கம்பெனியில் எழுத்து வேலை பார்த்தேன். சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்ததும் சீவலப்பேரிக்குப் போய்விடுவேன். எங்களுக்குப் பெற்றோர் இல்லை. அக்காள் வீடுதான் என் வீடு.

அத்தானுடைய துப்பாக்கியை வலது தோளில் வைத்து நான் சுட்டால் பக்கத்து வயலில்தான் போய் விழும். ஒருநாள் அவர் என்னை ஆற்றங்கரையில் நிறுத்தி, இரண்டு கண்ணையும் திறந்தபடி அக்கரையில் நின்ற ஒற்றைப் பனையை விரலால் காட்டச் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடு, அடுத்து மறு கண்ணை மூடு என்றார். வலது கண்ணால் பார்த்தபோது பனை என் விரலைவிட்டு விலகிப்போனது. இடது கண்ணுக்கு அப்படியே நின்றது.

"கை இல்ல மாப்ளே, கண்ணுதான்" என்றார். "வாத்தியாரு அடிச்சு கையத் திருப்பிட்டாரு. கண்ண யாரு திருப்ப முடியும்? நீ இடது தோள்ல வையி."

இடது தோளில் வைத்த அன்றுதான் எனக்குக் குறி என்றால் என்னவென்று தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் இருவருக்கும் பன்றி மறந்துபோயிற்று. கோடையில் ஆறு வற்றும்போது எதிர்க்கரையின் மண்மேட்டில் வட்டம் போட்ட காகிதத்தைக் குத்தி வைத்துவிட்டு அதைச் சுட ஆரம்பித்தோம். நாட்டுத் துப்பாக்கி அதற்கு உதவாது. குறி பார்த்துச் சுடுவதற்கென்றே சீமையில் செய்த சின்ன ரைபிள் ஒன்று வாங்க அத்தானுக்கு ஆசை வந்தது. மதராஸிலிருந்து ஒரு துப்பாக்கிக் கடையின் படப் புத்தகத்தைத் தருவித்தார்.

அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சை இப்போதும் வார்த்தை தவறாமல் சொல்வேன். அத்தானுக்குப் பிடித்தது, வலது பக்கம் கைப்பிடி துருத்திக்கொண்டு நிற்கும் போல்ட் ரைபிள். பார்க்கவும் மிடுக்காக இருக்கும். ஆனால் இடது தோளில் வைத்துச் சுடுகிறவனுக்கு அது சத்துரு. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை எடுத்து, துப்பாக்கிக்கு மேலாக அந்தப் பக்கம் கொண்டுபோய் அதை இழுக்க வேண்டும். தலை அசையும், தோள் அசையும், பிடித்த குறி போய்விடும். இன்னொரு வகையில், விசைக்குக் கீழே ஒரு நெம்புகோல் இருக்கும். அதைக் கீழே தள்ளினால் மேலே வாய் திறக்கும். தோட்டாவைப் போட்டு மூடிவிடலாம். எந்தக் கைக்கும் அது ஒன்றுதான்.

"உங்களுக்குப் பிடிச்சத வாங்குங்க அத்தான். நான் எப்படியும் சமாளிச்சுக்கிடுதேன்" என்றேன்.

"ரெண்டு பேரு சுடுத துப்பாக்கியில ஒருத்தன் மட்டும் ஏன் கஷ்டப்படணும்? எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான். உனக்குத் தோதானத எழுதுலே" என்றார்.

அதோடு விடவில்லை. அந்த ரைபிளின் கட்டையில் கன்னத்தைச் சாய்ப்பதற்கென்று ஒரு புடைப்பு உண்டு. வலது தோள்காரர்களுக்காக அதை இடது பக்கத்தில் செதுக்கியிருப்பார்கள். கேட்டால் மறுபக்கத்தில் செதுக்கித் தருவதாகப் புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும் அத்தான்தான். "அதையும் சேத்து எழுது" என்றார். இங்கிலீஷில் கடிதம் எழுதியது நான். லைசென்ஸுக்கு மனுச் செய்தது அவர். இந்த முறையும் காரணம் பன்றி என்றே போட்டார். அக்காள் கேட்டுச் சிரித்தாள். "ஆம்பிளைய ரெண்டு பேரும் ஆத்துல போயிக் காகிதத்தச் சுடுதீக. பன்னி வேலிக்குள்ள நின்னு பாத்துக்கிட்டிருக்கு" என்றாள்.

இரண்டு கோடை அப்படிப் போனது. என் வாழ்க்கையில் யாரோடும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததில்லை. நான் சுட்டு முடித்ததும் அவர் ஓடிப்போய்க் காகிதத்தைப் பார்த்துவிட்டு விரலால் எண்ணிக்கை காட்டுவார். அவர் சுட்டு முடித்ததும் நான் ஓடுவேன்.

அதற்கு அடுத்த ஆனி மாதத்தில் எங்கள் ஜில்லா கலெக்டரை ரயில் பெட்டியில் வைத்து ஒருவர் சுட்டுக் கொன்ற சேதி வந்தது. அந்த நாட்களில் அங்கே இருந்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி என்ற சொல்லை வாயால் சொல்லவே பயந்தார்கள். லைசென்ஸ் வைத்திருப்பவர்களின் ஜாபிதாவோடு போலீஸார் ஊர் ஊராகப் போனார்கள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சீவலப்பேரிக்கும் வந்தார்கள். நானும் அப்போது அங்கே இருந்தேன்.

வந்த இன்ஸ்பெக்டர் வடக்கத்தி ஜில்லாக்காரர். சத்தம் போடாமல் பேசினார். ரைபிளை வாங்கித் தோட்டா போடுகிற இடத்தில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தார்.

"இந்தச் சின்னத் தோட்டாவால் பன்றியைச் சுடுவீர்களா?" என்று அத்தானிடம் கேட்டார்.

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள், அலமாரிக்கு அடியிலிருந்து ஓட்டை விழுந்த வட்டக் காகிதங்களை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு வந்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு ரைபிளைத் தம்முடைய வலது தோளில் வைத்தார். கன்னத்தில் ஒன்றும் படவில்லை. புடைப்பு வெளிப்பக்கம் நின்றது. தடவிப் பார்த்தார். "இது யாருடைய தோளுக்காகச் செய்தது?" என்று கேட்டார்.

அத்தான் உடனே பதில் சொன்னார். நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்பது அவருக்குத் தெரியும்.

"என் மச்சினன் வேதமாணிக்கத்துக்குங்க அய்யா. அவன் இடதுகைக்காரன். அவன்தான் மதராஸுக்கு எழுதி வரவழைச்சான். பேருக்குத்தான் லைசென்ஸ் என்கிட்ட இருக்கு. எனக்குச் சுடவே தெரியாது."

இன்ஸ்பெக்டர் அடுக்களை வாசலில் நின்ற அக்காளைப் பார்த்தார். "ஏம்மா, உன் புருஷன் இதைச் சுட்டு நீ பார்த்திருக்கிறாயா?"

"இல்லைங்க அய்யா" என்றாள் அக்காள். "தம்பிதான்."

பதினோரு நாள் காவலில் இருந்தேன். யாரும் என்னை அடிக்கவில்லை. வட்டம் போட்ட காகிதத்தில் யாரை நினைத்துக்கொண்டு சுட்டாய் என்று மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். வட்டத்தைத்தான் நினைத்தேன் என்றால் நம்ப மாட்டேனென்றார்கள். சம்பவ தினத்தன்று நான் கம்பெனியில் இருந்ததற்கு வருகைப் பதிவேடு சாட்சி சொன்னதால் விட்டுவிட்டார்கள். அந்தப் பதினோரு நாளும் அக்காள் ஆள் மூலமாகச் சோறு கொடுத்தனுப்பினாள். அவளும் வரவில்லை, அத்தானும் வரவில்லை. வெளியே வந்தபோது கம்பெனியில் என் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். எங்கள் வேதக் கோவிலில் நான் உட்கார்ந்த வரிசையில் யாரும் உட்காரவில்லை. அடுத்த மாதமே நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன்.

பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். பிள்ளைகளை வைத்துக்கொண்டிருக்கிற மனிதர் பயப்படத்தான் செய்வார். அவர் என்னைத் தப்பவிட வேண்டும் என்றுகூட நான் எதிர்பார்க்கவில்லை. 'நாங்கள்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நாங்கள் இரண்டு பேரும் சுட்டோம் என்று சொல்லியிருந்தால் அந்தப் பதினோரு நாளை நான் சந்தோஷமாகவே கழித்திருப்பேன். எனக்காக அவர் தேடித் தேடிச் சேர்த்த அந்தப் புடைப்பையே காட்டி என்னை ஒப்படைத்தார். அதைத்தான் இந்த மூன்று வருஷமாக என்னால் விழுங்க முடியவில்லை.

இங்கே நான் கப்பல் ஏஜெண்டு ஒருவரிடம் வேலை செய்கிறேன். கடற்கரைத் தெருக் கம்பெனிகளின் குமாஸ்தாக்கள் சிலர், சீனரும் தமிழரும் வெள்ளைக்காரக் கலப்பில் பிறந்த சட்டைக்காரருமாகச் சேர்ந்து, குறி சுடும் சங்கம் ஒன்று ஆரம்பித்திருக்கிறார்கள். ஒரு வருஷம் போல அதன் பக்கமே போகாமல் இருந்தேன். பிறகு கால் தானாகவே போயிற்று. அந்தச் சீனர் கடைக்குப் போனது அப்படித்தான்.

அவர் உள்ளேயிருந்து இரண்டு ரைபிள்களைக் கொண்டுவந்தார். இரண்டும் கீழே நெம்புகோல் வைத்தவை. ஒன்றின் கட்டையில் கன்னப் புடைப்பு வலது பக்கம் செதுக்கியிருந்தது. யாரோ ஓர் இடதுகை வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனதாம். தோளில் வைத்ததும் என் கன்னத்துக்கென்றே அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. கடைக்காரர் கையைத் தட்டினார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு மற்றதை எடுத்தேன். அதில் புடைப்பே இல்லை. எந்தப் பக்கத்துக்காரன் சுடுவது என்று ஒருவரும் சொல்ல முடியாத வழவழப்பான கட்டை. இது போதும் என்றேன். கடைக்காரர், அது உனக்கு வசதி இல்லையே என்று இரண்டு தடவை சொன்னார். எனக்கும் தெரியும்.

லைசென்ஸ் மனுவில் ஒரு நிபந்தனை இருந்தது. என்னைப் பத்து வருஷத்துக்கு மேல் அறிந்த, நிலபுலன் உள்ள ஒருவர் நற்சாட்சிக் கடிதம் தர வேண்டும். இந்தத் தீவில் என்னைப் பத்து வருஷமாக அறிந்தவர் யார்? எங்கள் பாதிரியார் சீமைக்குத் திரும்பிவிட்டார். தலைமை வாத்தியார் காலமாகிவிட்டார். அத்தானுக்கே எழுதினேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அதிகாரியைவிட எனக்கே அந்தக் கடிதம் அதிகமாக வேண்டியிருந்தது. வாயால் சொல்லத் தவறியதை ஒரு தரம் கையால் எழுதட்டும், நாங்கள் சேர்ந்து சுட்டோம், இவன் நல்லவன் என்று எழுதட்டும் என்று ஆசைப்பட்டேன். ஒன்றரை மாதம், ஒவ்வொரு தபால் கப்பலுக்கும் காத்திருந்தேன்.

கடிதம் வந்தது. வக்கீலை வைத்து இங்கிலீஷில் எழுதி, கீழே அத்தான் கையெழுத்துப் போட்டிருந்தார். "வேதமாணிக்கத்தைச் சிறு வயது முதல் அறிவேன். ஒழுக்கமும் அடக்கமும் உள்ளவன். தன் ஆயுளில் ஒருநாளும் துப்பாக்கியைத் தொட்டவனல்ல" என்று இருந்தது. கூடவே அக்காள் தமிழில் இரண்டு வரி வைத்திருந்தாள். "அவுக உனக்கு நல்லது நினைச்சுத்தான் அப்படி எழுதச் சொன்னாக. கோவிச்சுக்கிடாதே தம்பி."

திருநெல்வேலிக் கச்சேரியில் எங்கேயோ இருக்கும் அத்தானுடைய வாக்குமூலக் காகிதத்தின்படி நான் ஒருவன் மட்டுமே சுட்டவன். பினாங்குக் காகிதத்தின்படி துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவன். இரண்டிலும் ஒரே கையெழுத்து. ஆற்று மணலில் ஓடி ஓடி விரலால் எண்ணிக்கை காட்டிக்கொண்ட இரண்டு பேர் எந்தக் காகிதத்திலும் இல்லை. கடிதத்தைக் கிழித்துப்போடலாம் என்று எடுத்தேன். கிழித்தால் லைசென்ஸ் இல்லை. பொய் என்று சொன்னால் மெய்யைச் சொல்ல வேண்டும். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அதிகாரி வாசித்துவிட்டு, சுடுவதில் கெட்ட பழக்கம் ஒன்றும் இருக்காது, நல்லது என்று சிரித்தார். சங்கத்தில் என்னைப் புதியவர்களோடு கடற்கரையோரம் பாய்விரித்துப் படுக்க வைத்தார்கள். கற்றுக்கொடுக்கிறவர் பென்ஷன் வாங்கிய ஒரு சட்டைக்கார சார்ஜெண்டு. நெம்புகோலை எப்படித் தள்ளுவது, மூச்சை எப்போது நிறுத்துவது என்று எனக்குப் பொறுமையாகச் சொன்னார். நான் தெரியாதவனைப் போலக் கேட்டுக்கொண்டேன். கடிதத்தில் எழுதியிருந்தபடி நடக்க வேண்டுமே. ஐந்து தோட்டாவையும் வேண்டுமென்றே காகிதத்துக்கு வெளியே, இடது பக்கத்து மண்மேட்டில் சுட்டேன். பக்கத்துப் பாயில் படுத்திருந்த சீனக் குமாஸ்தா, முதல் நாள் எல்லோருக்கும் அப்படித்தான் என்று தேற்றினார்.

சார்ஜெண்டு காகிதங்களைப் பார்க்கப் போனார். என்னுடையதில் ஓர் ஓட்டையும் இல்லை. திரும்பப் போனவர் மண்மேட்டைப் பார்த்துவிட்டு நின்றார். குனிந்து, அங்கே தம்முடைய உள்ளங்கையை விரித்து வைத்தார். ஐந்து குழிகளும் அதற்குள் மறைந்துவிட்டன. நிமிர்ந்து என்னிடம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்காதபடி, "எங்கே பழகினாய்?" என்று கேட்டார்.

பொய் சொல்ல வாய் வரவில்லை. மெய் சொல்லவும் வரவில்லை. எங்கள் ஊர் இருக்கும் மேற்கே, கடலைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவரும் திரும்பிப் பார்த்தார். அங்கே துறைமுகத்தைவிட்டு ஒரு கப்பல் வெளியேறிக்கொண்டிருந்தது.

"கப்பலிலா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.